ஈரத் தகடு

மேல்மாடி அறைக் கதவைத் திறந்ததுமே மத்தியாஸுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. நாலு நாளாகியும் நாற்றம் போகவில்லை. வேறெந்த நாற்றமாக இருந்தாலும் பொறுத்திருப்பார். இது அழுகிய மீன் நாற்றம்.

அவருடைய தகப்பன் கண்டிச் சந்தையில் கருவாடு விற்றவர். பள்ளிக்கூடத்தில் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் மத்தியாஸின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெயரைத் துடைத்தெறிய நாற்பது வருட அரசாங்கக் கச்சேரி உத்தியோகமும், தேவாலயப் பங்குச் சபைத் தலைவர் பதவியும், குண்டசாலையில் இந்த வீடும் அவருக்கு வேண்டியிருந்தன. இப்போது, மகள் ஷெரோன் கலியாணம் முடித்துக் குடியேறப்போகும் புது மாடியில் கூரையே நாறுகிறது. சனிக்கிழமை ஃபாதர் வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரிக்கிறார். அன்றுதான் சைவர்களான மாப்பிள்ளை வீட்டாரும் முதன்முதலாக இந்த வாசற்படியை மிதிக்கிறார்கள். இன்று செவ்வாய்.

“எங்கடா அந்த ஷிஹாப்?” என்று மாடியிலிருந்தே கத்தினார்.

“வந்துக்கிட்டிருக்காராம்பா,” என்றான் மகன் கிஷான்.

“வந்துக்கிட்டிருக்கா‘ராம்’! என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு அவனுக்கு?”

ஷிஹாப் அக்குறணைக்காரன். தகரக் கூரைக்கு உட்புறமாக ஃபோம் அடிப்பது அவன் தொழில். இரண்டு பீப்பாய் மருந்தும் ஒரு நீளக் குழாயும் முனையில் தெளிக்கும் துப்பாக்கியும். அடித்த கையோடு இரண்டு மருந்தும் கலந்து, நுரைத்துப் பொங்கி, தகட்டோடு ஒட்டி இறுகிவிடும். அதன்பின் உச்சி வெயிலிலும் அறை வேகாது. மழை கொட்டினாலும் பேசுவது காதில் விழும். பல்லேகலயில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கூரையைப் பார்த்துவிட்டு வந்து கிஷான்தான் இதைச் சொன்னான். போன வெள்ளிக்கிழமை ஷிஹாப் வந்து அடித்துவிட்டுப் போனான்.

ஷிஹாப் வந்தான். நேரே ஏணியில் ஏறினான். கத்தியை விட்டு நெம்பியதும் கையகலத் துண்டொன்று, கல்லிலிருந்து ரொட்டி கழல்வதுபோல, முழுசாகக் கழன்று வந்தது. பின்னால் தகட்டில் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றன. துண்டின் நடுவில் விரலை வைத்து அழுத்தினான். வேகாத கேக் போல விரல் உள்ளே போயிற்று.

“இது பிடிக்கல்ல சேர். தகடு ஈரமா ஈந்திச்சு. மருந்தும் நல்லாக் குளிர்ந்து ஈந்திச்சு. குளிர்ந்தா ரெண்டும் அளவாக் கலக்காது. அந்த நாத்தம்தான் இது. அதோட, மெல்லிசா ரெண்டு மூணு தரம் அடிக்க வேண்டியத ஒரே தரத்துல தடிப்பா அடிச்சா உள்ளுக்கு வேகாது.”

“தொழில்காரன் நீ. இப்பத்தான் இதெல்லாம் ஒனக்குத் தெரியுதா?”

“அண்டைக்கே செல்லினேன்தானே சேர். பதினொரு மணிக்கு மேல தொடங்குவோம் எண்டு.”

“சொல்லல! நீ ஒன்னுமே சொல்லல!”

கூச்சல் கேட்டு மனைவி றோஸ் கரண்டியும் கையுமாக மேலே வந்துவிட்டாள். மத்தியாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷிஹாப் சொல்லித்தான் இருந்தான். வெள்ளிக்கிழமை விடியும்போது ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனி வீட்டையே மூடியிருந்தது. தகட்டின் அடியில் கை வைத்தால் கை நனைந்தது. “வெயில் ஏறட்டும் சேர், பீப்பாயும் சூடாகட்டும்,” என்று அவன் மூன்று தரம் சொன்னான். பத்தரைக்குள் முழுக் கூரையும் முடிந்தாக வேண்டும் என்று மத்தியாஸ் ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று அவன் கேட்டபோது, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கலண்டர் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். பத்தரை முதல் பன்னிரண்டுவரை ராகு காலம். அதன் பிறகு பார்க்கலாமென்றால் மத்தியானம் மழை. யாரிடமும் மூச்சு விடக்கூடாதென்று அவனிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

கோயிலில் எத்தனை பேரை அவர் இதற்காக வறுத்தெடுத்திருக்கிறார்! ஞானஸ்நானத்துக்கு நல்ல நேரம் பார்த்த குடும்பத்தைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து ஏசியவர் அவர். ஆனால் ஷெரோனுக்குப் பேசிய முதல் சம்பந்தம் கலைந்த நாளிலிருந்து, காலையில் தாளைக் கிழிக்கும்போது அவர் கண் தானாக அந்த வரியில் போய் நின்றது. வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

“நல்ல ஏமாத்து!” என்றான் கிஷான். கழன்ற துண்டையும் ஈரத் தகட்டையும் ஷிஹாபின் முகத்தையும் மளமளவென்று போனில் படம் பிடித்தான். “ஃபேஸ்புக்ல போடுறேன். கண்டியில வீடு கட்டுறவங்க குரூப்ல நாப்பதாயிரம் பேர் இருக்காங்க. இனி எவன் வேலை குடுக்கிறான்னு பார்ப்போம்.”

“போடு!” என்றார் மத்தியாஸ்.

ஷிஹாப் ஏணியிலிருந்து இறங்கினான். அவனுக்கும் முகம் சிவந்திருந்தது.

“போடுங்க தம்பி. ஈரத்துல அடிச்சது என்ட கைதான். ஏலாது எண்டு செல்லிட்டு லொறிய எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். அது என்ட பிழை. ஆனா நான் செல்லல்ல எண்டு மட்டும் எழுத வாணாம். செல்லினேன்.”

“அப்ப ஏன் அடிச்சீங்க?” என்று றோஸ் கேட்டாள்.

“அத நான் பேச ஏலாதும்மா. ஒரு வாக்குக் குடுத்தீக்கிறேன்.”

“யாருக்கு?”

ஷிஹாப் கத்தியை மடக்கினான். கிஷானின் கட்டைவிரல் போனில் ஓடிக்கொண்டிருந்தது. “ஷிஹாப்புக்கு ‘ஷ’ன்னாவா, ‘ச’ன்னாவா?” என்று முணுமுணுத்தான்.

மத்தியாஸுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. இத்தனை நேரம் பொய்யன் என்று தான் கத்திய மனுசன், தன் பிழைப்பே போகிற நேரத்திலும் இந்த வீட்டு மானத்தை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் போட்டுக் கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். இதை எப்படிப் பொறுப்பது? அடுத்தவன் வாயில் அடமானம் கிடக்கிற மானம் என்ன மானம்?

“நிறுத்துடா!” போனைப் பிடுங்கினார். “அவன் சொன்னான். மூணு தரம் சொன்னான். நான்தான் கேக்கல. பத்தரைக்கு ராகு காலம்னு நான்தான் அவனை விரட்டு விரட்டுன்னு விரட்டினேன். போதுமா?”

றோஸின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“ராகு காலமா? நீங்களா?”

“நான்தான்.”

“அத்திவாரம் போட்டப்போ திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய் கட்டினேன். எவ்வளவு பெரிய காய்! அஞ்ஞானி, அஞ்ஞானின்னு கத்தி, தூக்கி ரோட்டுல போட்டு ஒடைச்சீங்களே! ஒரு மாசம் என்கூட மொகங்கொடுத்துப் பேசினீங்களா?”

“இப்ப பூசணிக்காயா முக்கியம்?”

“எனக்கு முக்கியம்தான்! ஒங்க ஒடம்பெல்லாம் பொய்யி!”

கிஷான் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். மத்தியாஸ் அவனை முறைத்தார். பிறகு ஷிஹாபின் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்பதையும் ஆளை அதட்டுவதுபோலத்தான் அவரால் கேட்க முடிந்தது.

“பொய் சொன்னது நான். நீயில்ல. இப்ப என்ன செய்யணும்? சொல்லு. இந்தத் தரம் கேக்கிறேன்.”

“முழுக்கச் சுரண்டி எடுக்கணும் சேர். சன்னலெல்லாம் திறந்தே ஈக்கட்டும். தகடு நல்லாக் காயணும். மருந்துப் பீப்பாய ராவைக்கு வீட்டுக்குள்ள வெச்சுச் சூடாக்கணும். முதல்ல ஒரு மூலையில அடிச்சுப் பார்த்து, பிடிச்சா மட்டும் மத்தது. மெல்லிசாத்தான். ஒண்டு ஆறின பொறகு அடுத்தது. அடிக்கிற அண்டைக்கும் அடுத்த நாளும் ஆரும் மேல வரப்படாது.”

“சனிக்கிழமைக்குள்ள?”

“ஏலாது.”

மத்தியாஸ் சம்பந்தி அம்பிகைபாகனின் போன் இலக்கத்தை அழுத்தினார். வேறு யாரும் பேசுவதற்குள் தானே பேசிவிட வேண்டும் என்று, அறையின் நடுவில் முதுகை நிமிர்த்தி நின்றார்.

“ஓம், சொல்லுங்கோ மத்தியாஸ்,” என்றது மறுமுனை.

“சனிக்கிழமை மந்திரிப்பு இல்ல. கூரை வேலை கெட்டுப்போச்சு. கெடுத்தது நான். வேலைக்காரன் பேச்சைக் கேக்காம, ராகு காலம் பாத்து ஈரத்துல அடிக்க வெச்சேன். ஊர்ல வேற மாதிரி காதுல விழுறதுக்கு முந்தி நானே சொல்றேன்.”

மறுமுனையில் அம்பிகைபாகன் கனைத்துக்கொண்டார்.

“அதுக்கென்ன, இதெல்லாம் நடக்கிறதுதானே. அப்ப எங்கட ஐயரிட்டைக் கேட்டு, வேறையொரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லட்டே?”

“வேணாம்!” மத்தியாஸ் போட்ட சத்தத்தில் ஷிஹாபே ஒரு அடி பின்வாங்கினான். “எந்த நாள்னு ஷிஹாப் சொல்லுவான். தகடு காய்ஞ்ச பிறகு வாங்க.”