பதக்கத்தில் பதிந்த கட்டைவிரல்

செயிண்ட் லூயிஸ் பதக்கச் சங்கத் தலைவர் எல்டன் ஃபோகெல், விரல் ரேகை உலோகத்தில் அழியாமல் பதிந்துவிடும் என்று, பதக்கங்களை வெறுங்கையால் தொட்டவர்களை இருபது வருடமாகச் சங்கத்தைவிட்டு நீக்கி வந்தவர். வீட்டில் ஸ்பூனைக்கூடக் கையுறையோடுதான் எடுப்பார் என்று பேச்சு.

அன்று, ஏலத்தில் எடுத்த 1904 உலகக் கண்காட்சியின் அலுமினியப் பதக்கத்தைக் கூட்டத்தில் காட்டினார். அதன் நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை, குறுக்கே வெட்டுத் தழும்போடு பதிந்திருந்தது.

"தலைவரே, உங்க கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள் செயலாளர் மர்னா.

கையுறையைக் கழற்றிக் காட்டினார். அதே தழும்பு.

"கையுறையில ஓட்டை போல," என்று பின்வரிசையில் சிரிப்பு.

பதவி போய்விடுமே என்ற பதற்றத்தில் எல்டன் அலமாரியைக் குடைந்து, அந்தப் பதக்கம் முன்பொருமுறை விற்பனைக்கு வந்தபோது அச்சான பட்டியலை எடுத்தார். வருடம் 1931. அவர் அப்போது பிறக்கவே இல்லை. படத்தில் அதே ரேகையும் அதே தழும்பும் இருந்தன.

"பாத்தீங்களா? நான் தொடவே இல்ல," என்று நிமிர்ந்து கையை நீட்டினார்.

யாரும் கைகுலுக்கவில்லை. எல்லோரும் வெளியே கிளம்ப அவசரமாகக் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.