சத்தம் பதியாத படப்பிடிப்பு

ரோமுக்கு வெளியே ஒரு கல்குவாரியில் அந்தக் கௌபாய் கேலிப்படத்தின் கடைசிச் சண்டை. வசனத்தை டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதால், கேமரா ஓடும்போது நடிகர்கள் வாய்க்கு வந்ததை உளறுவார்கள். எவனும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். கோமாளி ஷெரீஃபாக தூலியோ கையில் ஸ்பகெட்டித் தட்டோடு நின்றான். எதிரே வில்லன் வேஷத்தில் நெவியோ சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் தூக்கினான்.

"விளையாட்டுன்னு என் தம்பி குதிரையோட சேணவாரை அறுத்துவிட்டியே, அவன் கீழ விழுந்து இன்னும் படுத்த படுக்கையா கெடக்கான். இதுல இருக்கறது நிஜத் தோட்டாடா."

தூலியோ தட்டைக் கீழே போட்டுவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"நிறுத்துங்கப்பா, இவன் நிஜமாவே சுடப் போறான்."

இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பய இன்னைக்குத்தான் ஒழுங்கா நடிக்கிறான். அவன் விழற வரைக்கும் கேமராவ நிறுத்தாதீங்க."