பதினான்கு

சுடுகாட்டில் ஆதார் அட்டை கேட்பார்களாம். பீரோவைக் குடைந்துகொண்டிருந்த சந்தனமாரியின் கையில் வேறொரு தாள் சிக்கியது. விடியக்காலையில் செத்துப்போன புருஷன் பிச்சைமணியின் பழைய காக்கிச் சட்டைக்குள் நான்காக மடித்திருந்தது. வாசலில் பந்தல் போடும் சத்தம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

தென்காசியில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிய பரிசோதனை. குடல் கட்டியை அறுத்தெடுத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது. ஒரு குழாய் ரத்தத்தில் எத்தனை புற்றுநோய்ச் செல் அலைகிறது என்று எண்ணிச் சொல்வார்கள். எண்ணிக்கை கூடினால் நோய் திரும்புகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்திரையில் ஒன்றுதான் இருந்தது. இந்த ஆடி மாதத் தாளில் பதினான்கு.

இதை வாங்கி வந்தவன் கொழுந்தன் முத்துராஜ். "ரத்தம் சுத்தமா இருக்காம்ட்டி" என்று பிச்சைமணி சொல்ல, சந்தோஷத்தில் மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனார்கள். அதிலிருந்து முத்துராஜ் அவள் முகம் பார்த்துப் பேசவில்லை. வருவான், அண்ணனோடு உட்கார்ந்திருப்பான், காப்பிகூடக் குடிக்காமல் பாவூர்சத்திரம் பஸ் ஏறிவிடுவான். ஏன் என்று இப்போது புரிந்தது: தாளைத் தப்பாக வாசித்துச் சொல்லி அண்ணனை ஏமாற்றியிருக்கிறான்.

"ஏ தம்பி, உள்ள வா."

வந்ததும் கதவைச் சாத்தினாள். தாளை நீட்டினாள்.

"அண்ணங்கிட்ட எதுக்குலே பொய் சொன்ன?"

முத்துராஜ் தாளைப் பார்த்தான். பிறகு அவளையே வெறித்தான்.

"நான் பொய் சொன்னனா? அண்ணன் கையிலதான குடுத்தேன். 'ஒன் மைனியும் நானும் பேசிட்டோம், இனி மருந்து ஏத்த வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், அவ முன்னாடி இந்தப் பேச்சை எடுக்காத'ன்னாவ."

"எங்கிட்டயா பேசினாவ?"

"மறுநா அருவியில சிரிச்சுக்கிட்டு நின்ன போட்டோவை அனுப்புனிய மைனி. எல்லாம் தெரிஞ்சும் எப்படிச் சிரிக்காவன்னு..." அவன் தாளை அவள் கையில் திருப்பித் திணித்தான். "அண்ணன கைவிட்டுட்டியன்னு நாலு மாசமா உங்களத்தான் சந்தேகப்பட்டேன்."

அவள் தாளைப் பழையபடி நான்காக மடித்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்கள் வந்துவிட்டன.

முற்றத்தில் பிச்சைமணியைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முத்துராஜ் பின்னால் வந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் நிமித்து" என்றாள் சந்தனமாரி.

அவன் நிமிர்த்தினான். அவள் முந்தானை நுனியைத் திரித்து, புருஷனின் காதுக்குள் நின்ற தண்ணீரை ஒற்றி எடுத்தாள்.