முன்னாடியே கட்டியாச்சு

என் வீட்டுக்காரருக்கு எதையும் கடைசி நாள்வரை வைத்திருக்கத் தெரியாது. கரண்ட் பில் வந்த அன்றே கட்டிவிடுவார். பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய் நின்று, என்னையும் கால் கடுக்க நிற்க வைப்பார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. "கயிறு அறுந்த பிறகு போய் என்ன பண்றது?" என்பார். அந்த வேலைக்கு அது சரிதான். ஆனால் இந்த மனுஷன் வீட்டையும் லிஃப்டாகவே பார்க்கிறவர். எந்த நேரமும் ஏதோ ஒன்று அறுந்து விழப்போகிறது என்றே நினைப்பு.

போன வருஷம் உண்மையிலேயே ஒன்று விழுந்தது. என் தம்பியின் காபிக் கடை. மிஷின் வாங்க என் கிரெடிட் கார்டைத்தான் தேய்த்தான். "ஆறே மாசம்க்கா, கட்டிடறேன்" என்றான். ஆறு மாதத்தில் அவன் கட்டியது கடையைத்தான். மிஷின் அடிமாட்டு விலைக்குப் போனது, கடன் மட்டும் முழுசாக எங்கள் தலையில் உட்கார்ந்தது. மாதாமாதம் கட்டினோம், வட்டி தின்றது போக அசலில் ஒரு துளிகூடக் குறையவில்லை. "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவனும் முழிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூட "உன் தம்பியால வந்தது" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி நானும் ஆறியிருப்பேன்.

வேறொரு வங்கியில் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் இருக்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பழைய கார்டு கடனை அவர் பெயரில் எடுக்கும் புது கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு வருஷத்துக்கு வட்டி கிடையாது.

"இந்தப் பாக்கெட்ல இருக்கறத எடுத்து அந்தப் பாக்கெட்ல போடறதுக்கா இத்தனை சந்தோஷம்?" என்று கேட்டேன்.

"அப்படி இல்லம்மா. அங்க கட்டினா வட்டிக்குப் போகுது. இங்க கட்டினா கட்டினது மொத்தமும் அசல்ல கழியும். ஒரே ஒரு கண்டிஷன்தான். ஒரு மாசம்கூடத் தவணை தவறக்கூடாது. தவறினா சலுகை போயிடும்."

"தவறிட்டா?"

அவர் சிரித்தார். தவணை தவறுவதைப் பற்றி அவரிடம் போய்க் கேட்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

முதல் பில் வந்தபோது கடன் குறைந்திருந்தது. அதை என்னிடம் அவர் காட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும், ரேங்க் கார்டு காட்டுகிற பிள்ளை தோற்றுப்போகும்.

இரண்டாவது பில் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். கண்ணாடிக் கடையில் ஃபிரேம் சரி செய்வது என் வேலை. ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் அதிர்ந்தது. கார்டு அவர் பெயரில் இருந்தாலும் மெசேஜ் இரண்டு பேருக்கும் வரும்படி வைத்திருந்தார், ஒருவர் பார்க்காவிட்டால் இன்னொருவர் பார்க்கட்டும் என்று. தொகையைப் பார்த்தேன். நாங்கள் மாற்றிய கடனைவிட அதிகம். கீழே, தவணை தவறியதால் சலுகை ரத்து, தாமதக் கட்டணம், கடனை மாற்றிய நாளிலிருந்தே வட்டி.

கையிலிருந்த திருகாணி எங்கே போனதென்று தெரியவில்லை. கவுன்டருக்கு அடியில் குனிந்து தேடுகிற சாக்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் பெரியவர்.

"ஒண்ணும் இல்லைங்க. திருகாணி விழுந்துடுச்சு."

வேறு திருகாணி போட்டுக் கொடுத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடைக்காது என்று தெரியும், தெரிந்தும் விடாமல் அடித்தேன். மதியம் அவரே கூப்பிட்டார்.

"தவணை கட்டலையாமே!"

"யாரு சொன்னா? கட்டிட்டேனே. ஒண்ணாம் தேதியே கட்டிட்டேனே" என்றார். இரண்டாம் தடவை சொல்லும்போதே குரல் தேய்ந்துவிட்டது.

சாயங்காலம் சமையலறை மேஜைமேல் ஃபோனை வைத்து ஸ்பீக்கரில் போட்டோம். எண்களாக அமுக்கி அமுக்கி ஒரு வழியாக ஒரு பெண் வந்தாள்.

"சார், பில் மூணாம் தேதி வருது. வந்ததுக்கு அப்புறம், இருபத்தஞ்சுக்குள்ள கட்டணும். நீங்க பில் வர்றதுக்கு முன்னாடியே கட்டிட்டீங்க. அது கடன்ல கழிஞ்சிடுச்சு. ஆனா அந்த பில்லோட தவணையா அது சேராது."

"முன்னாடியே கட்டியிருக்கேன்மா. லேட்டாக் கட்டலை. முன்னாடியே."

"புரியுது சார். ரெண்டு தடவை நினைவூட்டல் அனுப்பியிருக்கோமே."

"அதுல ஏற்கனவே பணம் கட்டியிருந்தால் இந்தச் செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்னு போட்டிருந்தது. நான் கட்டியிருந்தேன். அதனால பொருட்படுத்தலை." எனக்கும் அவை வந்திருந்தன, இவராவது கட்டாமல் இருப்பதாவது என்று நானும் தள்ளிவிட்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்ததா பரிதாபம் வந்ததா தெரியவில்லை. "மேலதிகாரிகிட்ட கேட்டுப் பாக்கறேன் சார். ஒண்ணாம் தேதி பணம் ரெண்டா வந்திருக்கு. ஒண்ணு உங்க கணக்குல இருந்து, இன்னொண்ணு வேற கணக்குல இருந்து. ரெண்டையும் குறிச்சு அனுப்பறேன். லைன்லயே இருங்க" என்றாள். பாட்டு ஓட ஆரம்பித்தது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் உப்பு டப்பாவைப் பார்த்தார்.

"வேற கணக்கா? யாரோடது?"

டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"உன் தம்பிதான்" என்றார். "கடன் இந்த கார்டுக்கு மாறினதும் நான்தான் போய்ச் சொன்னேன், இனிமே கட்டினா குறையும்டான்னு. அன்னிக்கே பார்சல் கிடங்குல சேந்துட்டான். விடியக்காலையில லாரி இறக்கறான், அப்புறம் ஃபோன் கடை வேலைக்குப் போறான். பாதியாவது அடைச்சுட்டு வந்து நிக்கறேன் மாமா, அதுவரைக்கும் அக்காகிட்ட மூச்சு விடாதீங்கன்னான்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் தம்பியைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவனுக்கு முதுகு வலி உண்டு, சின்ன வயதிலிருந்தே உண்டு, அவன் போய் லாரி இறக்குகிறான். இத்தனை மாதமும் நான் அவனைச் சோம்பேறி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கண்ணாடி துடைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"ஒண்ணாம் தேதியே போட்டுடுடான்னு நான்தான் அவனுக்கும் சொல்லிக் குடுத்தேன்" என்றார். பாட்டு மட்டும் கூச்சமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வேறு நேரமாக இருந்தால் அவரை ஒரு பிடி பிடித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தபின் மனசு வரவில்லை.

பாட்டு நின்றது. "சார், தாமதக் கட்டணத்தை எடுத்துடறோம். ஆனா சலுகையைத் திரும்பக் குடுக்க முடியாதாம். வட்டி வட்டிதான். சாரி சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம்மா. தேங்க்ஸ்" என்றார் இவர். அவளுக்கு நன்றி வேறு.

லைன் அறுந்தது. இவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அவன் ரெண்டு மாசம் மூட்டை தூக்கின காசு. மொத்தத்தையும் வட்டி முழுங்கிடுச்சு. அவன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? இனிமே கட்டினாலும் குறையாதுன்னு தெரிஞ்சா விட்டுடுவான். இப்பதான் எழுந்து நிக்கறான்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் ஃபோன் அடித்தது. தம்பி. இவர் அதைப் பார்த்த பார்வையில் தேளைக் கண்டதுபோல் ஒரு பயம். எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

"மாமா, பில் வந்திருக்கும்ல? இந்தத் தடவை எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

மூச்சு வாங்கியது, நடந்துகொண்டே பேசுகிறான் போல. பின்னால் வண்டிச் சத்தம். அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னவென்று சொல்வது. கடை திறந்த முதல் நாள் அவன் இப்படித்தான் பேசினான்.

"நான்தான்டா."

வைத்துவிடுவான் என்று பயந்தேன்.

"அக்கா..." என்றான். "மாமா சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"திட்டாதீங்கக்கா. நானாத்தான் போனேன்."

திட்டத்தான் நினைத்தேன். உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். பில் மேஜைமேல் என் ஃபோன் திரையில் அப்படியே இருந்தது.

"குறைஞ்சிருக்குடா" என்றேன்.

இவர் தலையை நிமிர்த்தினார்.

"எவ்வளவுக்கா?"

"நீ போட்டது அத்தனையும். ஒரு காசு வீணாப் போகலை. இனிமே மட்டும் அஞ்சாம் தேதி தாண்டிப் போடு. முன்னாடி போடாதே."

"ஏன்க்கா?"

"சொன்னா கேளுடா."

"சரிக்கா." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். "அப்ப நான் வீட்டுக்கு வரலாமாக்கா?"

"வாடா" என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்று வைத்தான்.

ஃபோனைக் கீழே வைத்தேன். குறையாத கடனைக் குறைந்ததாகச் சொல்லிவிட்டேன், இனி எங்கிருந்தாவது பணம் கொண்டுவந்து அதைக் குறைத்தாக வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்வார் என்று இவரைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அவன் வந்து, பில்லைக் காட்டுங்க மாமா என்று கேட்டால் என்ன செய்வது என்று அதற்குள் இவர் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்.