இரண்டாம் தெருச் சாக்கடையும் இரண்டு வேட்பாளர்களும்

எங்கள் தெருவில் மூடியில்லாத சாக்கடை ஒன்று இருக்கிறது. போன ஐப்பசி மழையில் அதில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அந்தச் சாக்கடையில் கண் தெரிந்தவர்களும் விழுந்திருக்கிறார்கள், அதனால் தப்பு என்மேல் இல்லை. அன்றிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ் ஏற, மெயின்ரோடு வரைக்கும் தம்பி விஜயகுமார்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு, கொட்டாவி விட்டுக்கொண்டே நடப்பான். எனக்கு வயது முப்பத்தாறு. சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகப் பேக்கிங் வேலை பார்க்கிறேன். சொந்தத் தெருவில் தனியாக நடக்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அதனால் வார்டு தேர்தல் வந்ததும் எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்தச் சாக்கடையை யார் மூடப்போகிறார்கள்? நின்றவர்கள் இரண்டு பேர், சௌந்தரராஜனும் நாராயணம்மாவும்.

"சௌந்தரராஜன் அண்ணன் மொத வேலையே நம்ம சாக்கடைதான்னு போட்டிருக்காருக்கா," என்றான் விஜயகுமார்.

"நாராயணம்மா?"

"அந்தம்மா கோயிலுக்கு வளைவு கட்டித் தர்றன்னுது. வேற ஒண்ணுமில்ல."

விஜயகுமார் சௌந்தரராஜனுக்காகத் தெருத்தெருவாகச் சுற்றுகிறவன். என் தம்பி நல்லவன்தான். ஆனால் தேர்தல் வந்துவிட்டால் அவன் வாய் அவனுடையதாக இருக்காது.

சரி, நானே படித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். இருவருக்கும் வெப்சைட் இருந்தது. வார்டு வாட்ஸப் குரூப்பில் லிங்க் வந்திருந்தது. என் செல்போன், திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டு வாசித்துச் சொல்லும். செய்தி, பஸ் நேரம், அடுத்த வீட்டு வம்பு எல்லாம் எனக்கு அதில்தான். சௌந்தரராஜன் பக்கத்தைத் திறந்தேன். "படம்," என்றது போன். விரலைக் கீழே நகர்த்தினேன். "படம்." இன்னும் கீழே. "படம்." நாராயணம்மா பக்கத்திலும் அதே பாட்டு. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஆப் ஒன்றும் வைத்திருக்கிறேன். எழுத்துக்குப் பின்னால் கெலவரப்பள்ளி அணையின் படத்தைத் தண்ணீர் பொங்கப் பொங்கப் போட்டிருந்தார்களாம், ஆப் திணறிப்போய் ஏதேதோ உளறியது. எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஓட்டு மட்டும் வேண்டும், ஆனால் எனக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள்!

விசாரித்ததில், இரண்டு வெப்சைட்டையும் செய்தவர் ஃப்ளெக்ஸ் கடை முனிவேல் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதற்கும் அவர் கடைதான். மனிதர் அடித்த பேனரை அப்படியே தூக்கி வெப்சைட்டிலும் கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். மிஷின் இரைச்சலைத் தாண்டிக் கத்தினேன், ஒன்றுமே படிக்க முடியவில்லை என்று.

"என்னம்மா இது, ஒவ்வொரு எழுத்தும் அம்மாம் பெருசா போட்டிருக்கன்," என்றார் முனிவேல். அப்புறம்தான் என் கைத்தடியைப் பார்த்திருப்பார். "தப்பா எடுத்துக்காதம்மா."

"எடுத்துக்கல. படமா போடாம எழுத்தா போடுங்கண்ணா. போன் படிச்சிக்கும்."

அரை மணி நேரம் தட்டி, தன் ஃபைலில் இருந்த எழுத்தை எடுத்து ஒட்டினார். போன் படித்தது, ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கடகடவென்று. அவர் பேனருக்கு அடிப்பது பழைய காலத்து ஃபான்ட். பார்க்கிறவர்களுக்குத் தமிழாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு உள்ளே அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

"இருவது வருசமா இதுலதான் அடிக்கறன். உள்ள இப்பிடி இருக்கும்னு எனக்கே தெரியாதும்மா," என்றார், பாவம். எல்லாவற்றையும் போனில் புதிதாக அடித்தால்தான் படிக்கும். போனில் தமிழ் அடிக்க அவருக்குப் பழக்கமில்லை. ஒரு வரிக்குள் வியர்த்துவிட்டார்.

"நீங்க படிங்கண்ணா, நான் அடிக்கறன்," என்றேன்.

அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். முனிவேலை நம்பலாம். இரண்டு பேருமே அவருக்கு வாடிக்கை. ஒருவருக்கு ஒரு சொல் கூட்டிவிட்டால் இன்னொருவரின் ஆட்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். சௌந்தரராஜனுக்குப் பதினான்கு வாக்குறுதிகள். தெருவிளக்கு, பூங்கா, உடற்பயிற்சிக் கூடம். நான் சாக்கடைக்காகக் காத்துக்கொண்டே அடித்தேன்.

"முடிஞ்சுது. கீழ போட்டோதான்," என்றார்.

"சாக்கடை?"

"அப்பிடி ஒரு வார்த்தயே இல்லம்மா."

தம்பிமேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தது நாராயணம்மா. முதலில் கோயில் வளைவுதான் வந்தது, அதுவரைக்கும் விஜயகுமார் பொய் சொல்லவில்லை. நான்காவது வரியில், இரண்டாம் தெருச் சாக்கடைக்கு மூன்று மாதத்தில் சிமென்ட் மூடி என்று இருந்தது.

"இன்னொரு தடவ படிங்கண்ணா."

படித்தார். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் பாதி இறங்கியது. செய்வாரோ மாட்டாரோ, என் தெருவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்றாவது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறதே!

சாயங்காலம் விஜயகுமார் சாப்பிட உட்கார்ந்தபோது, போனைச் சத்தமாக வைத்து, முனிவேல் புது எழுத்தை ஏற்றியிருந்த சௌந்தரராஜன் பக்கத்தைத் திறந்தேன். பதினான்கையும் போன் நிறுத்தி நிதானமாகப் படித்தது. தம்பி மெல்லும் சத்தம் நின்றுபோனது.

"எங்க வீட்ல மூணு ஓட்டுன்னு கூட்டத்துல சொல்லிட்டன்க்கா," என்றான். "அம்மாது, என்னுது, உன்னுது."

"என்னுத என்னக் கேக்காமயே எப்பிட்றா குடுத்த?"

"எப்பவும் நான்தானக்கா உனக்கு அமுக்கறன்."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை. பத்து வருஷமாகத் துணைக்கு வருகிறேன் என்று உள்ளே வந்து அவன்தான் பொத்தானை அமுக்கினான். நான் அதை உதவி என்று நினைத்து நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டுப்போடும் அன்று அவனைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கச் சொன்னேன். "துணைக்கு ஆள் இருக்காங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"வேணாங்க சார்."

வேட்பாளர் பட்டியலைப் பிரெய்லில் கொடுத்தார்கள். விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிப் படித்தேன். மிஷினில் பொத்தானுக்குப் பக்கத்தில் எண் புள்ளி புள்ளியாக இருந்தது. இரண்டு தடவை சரிபார்த்து அமுக்கினேன். நீளமாக ஒரு பீப் சத்தம் வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெளியே வந்ததும், "யாருக்குக்கா போட்ட?" என்று தம்பி ஓடிவந்தான்.

நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று எனக்கு மட்டும் தெரிந்தது அன்றைக்குத்தான். வீடு வரைக்கும் நச்சரித்தான். நான் சொல்லவே இல்லை.