ஒட்டுக்குக் கீழே முளைத்தது

முத்துலிங்கம் தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை. உடையார்கட்டில் கூலிக்குக் கச்சான் கடலை பிடுங்கப் போனவன், மூன்று கிழமை கழித்து அன்று காலைதான் பரந்தனுக்குத் திரும்பியிருந்தான். படலையைத் திறந்ததுமே கிணற்றடி கண்ணில் பட்டது. அங்கே ஒரு நெட்டைத் தண்டுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, மாப்பிள்ளை மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அது ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து கிளம்பிய காட்டு ரோசா. மேலே ஒட்டியிருந்த நல்ல கிளையைக் காணவில்லை. வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

நேற்றுப் பின்னேரம் தன் தம்பி நல்லதம்பி வந்து வளவைத் துப்புரவாக்கினவன் என்று மனைவி விமலேஸ்வரி மெல்லச் சொன்னாள். நல்லதுக்குத்தான் செய்தவன் என்றும் சொன்னாள். அந்தச் சொல்தான் அவனுக்கு நெருப்பு வைத்தது. நெல்லு, கச்சான், உழுந்து என்று அவன் கை பட்டு விளைந்ததெல்லாம் ஊரானின் காணியில் விளைந்தது. இந்த ரோசா ஒன்றுதான் அவனுடையது. ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருத்தி கொடுத்ததை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, தென்னோலைக் கிடுகு கட்டி, வெயில் படாமல் வளர்த்தான். ஒரு காம்புக்கு ஒரே ஒரு பூ, உள்ளங்கை அளவில்.

விறுவிறென்று நல்லதம்பியின் வீட்டுக்குப் போனான்.

"மெலிஞ்சு கிடந்ததைத்தானே அத்தான் வெட்டினனான். கொழுத்ததை விட்டனான்" என்றான் நல்லதம்பி, வயிற்றைத் தடவிக்கொண்டு.

"கொழுத்ததெல்லாம் நல்லதெண்டா, உன்னைத்தானேடா முதலிலை கம்பு நட்டுக் கட்டவேணும். எங்கை கிளை?"

ஆட்டுக்குப் போட்டிருந்தான். இலையெல்லாம் போய்விட்டது. சப்பிய தண்டைப் புழுக்கைக்குள்ளிருந்து இழுத்தெடுத்து முத்துலிங்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முளைக்கண்கள் எல்லாம் நசிந்திருந்தன. அடியில் ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது.

மச்சானைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கிணற்றடியில் குந்த வைத்தான். காட்டுத் தண்டை அசையாமல் பிடிக்கச் சொன்னான். அதன் பட்டையைக் கீறி, அந்தக் கண்ணைத் தோலோடு சீவி, உள்ளே செருகி, பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றினான். நல்லதம்பியின் விரலில் முள் ஏறி இரத்தம் வந்தது. கையை எடுக்கப் பார்த்தான்.

"ஆட்டினியெண்டால் கையையும் சேர்த்துக் கட்டிப்போடுவன்."

கட்டி முடியும்வரை நல்லதம்பி தண்டைப் பிடித்திருந்தான். பிறகு, பூக்குமா என்று பயந்து பயந்து கேட்டான்.

"பூத்தா என்ர. பட்டுப்போச்செண்டா, உன்ர வீட்டு வாசலிலை கொண்டந்து நடுவன். நீயே தண்ணி ஊத்து."

பிறகுதான் தோளிலிருந்த பையைக் கழற்றி நிலத்தில் போட்டான்.