ஒரு டம்ளர் சியா

குழாய்க்காரர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வளைந்த குழாயைக் கழற்றினார். கறுப்புப் புள்ளிகளோடு கொழகொழவென்று ஒரு கைப்பிடி வாளியில் விழுந்தது.

"என்னங்க இது? தவளை குடும்பத்தோட வந்து முட்டை போட்டுட்டுப் போயிருக்கு!"

சமையலறை வாசலில் நின்ற வீட்டுப் பெரியவரான பஸ் டிரைவருக்கு உயிரே போய்விட்டது. அது சியா விதை. ஒன்பது நாளாக மருமகள் காலையில் ஊறவைத்துக் கொடுத்ததை, அவள் முதுகு திரும்பியதும் தொட்டியில் ஊற்றியது அவர்தான். பார்க்கவே குமட்டியது. அதோடு, ஏன் கொடுக்கிறாள் என்று கேட்கவும் கூச்சம்.

இரண்டு மாதமாக மலச்சிக்கல். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் ஊசிமேல் உட்கார்ந்த மாதிரி. ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணில் நீர் வரும். "முடியலேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, வேற ஆளப் போட்டுக்கறேன்" என்று டிப்போ அதிகாரி சொல்லிவிட்டார். மனைவி இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார். மகனிடம் சொன்னால் ஊர் சிரிக்கும். மருமகளிடம் போய் இதையா சொல்வது?

மருமகள் வந்தாள். வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான்தாங்க மிச்சத்தக் கொட்டிட்டேன்" என்றாள் குழாய்க்காரரிடம்.

"இத யாராவது கொட்டுவாங்களாம்மா? தண்ணியக் குடிச்சு உப்புற சாமான். வயித்துக்குள்ள போனா வழி விடும், குழாய்க்குள்ள போனா வழிய அடைக்கும்" என்று சிரித்தபடி குழாய்க்காரர் கிளம்பினார்.

டிரைவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "எதுக்கும்மா பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"உங்க தண்ணி பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வருது மாமா. தினமும் நான்தானே கழுவறேன்..."

வழியில் ஒதுங்க இடமில்லாததால் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. அந்தப் பாட்டிலிலிருந்து மீதியை அவளே புரிந்துகொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை.

"அத இப்பக் குடும்மா."

"அரை மணி ஊறணும் மாமா. இது மருந்தில்ல, வெறும் நார்ச்சத்து. தண்ணியும் நிறைய குடிங்க. இல்லேன்னா உள்ளயும் இந்தக் குழாய் கதைதான்."

அன்று குடித்தார். ருசியென்று ஒன்றுமில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை காலை. காக்கிச் சட்டையோடு சமையலறைக்கு வந்து, தன் டம்ளரை எடுத்து நின்றபடியே குடித்து முடித்தார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு... கஷ்டமில்லம்மா."

கத்தி நின்றது. "சந்தோஷம் மாமா" என்றாள், குனிந்தபடியே. தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காத. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல எனக்கு."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, வெங்காயமோ என்னவோ. அவர் மீசையில் ஒரு விதை ஒட்டியிருந்தது. தன் உதட்டுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாள்.

அவர் அவசரமாக மீசையின் மறுபக்கத்தைத் துடைத்துக்கொண்டார்.